கரிசலில் சிக்கிய வண்டி

அத்தியாயம் 11

அலைபேசியைக் கீழே வைத்த பிறகுதான், தான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று சுதாராணிக்கு உறைத்தது.

"சரிக்கா. நீ சொன்னாச் சரிதான்" என்றிருந்தான் செல்லத்துரை. கோபப்படவில்லை. ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை.

இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. செல்லத்துரை அவளுடைய கூடப்பிறந்த தம்பி. எட்டு வயது இளையவன். அம்மா போன பிறகு அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். இந்த முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு தடவையாவது மறுபேச்சு இல்லாமல் 'சரி' என்று சொன்னவனா அவன்?

அவள் சொன்னது இவ்வளவுதான். "இன்னைக்குப் பதினோரு மணிக்கு உன் ஷெட்டைப் பாக்க ஆபீஸர்மாரு வாராவலே. அதுக்கு முன்ன நீயே அந்த டாக்டரம்மாவுக்குப் போனைப் போட்டு நாய்களை ஒப்படைச்சுரு. பேர் கெடாம முடிஞ்சிரும்."

ஒப்படைக்கவா போகிறான்?

எல்லாம் ஒரு நாய்க்குட்டியிலிருந்து ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு சுடலையம்மாள் டீச்சர் ஓய்வுபெற்றுத் தனியாக இருக்கிறார், ஒரு துணையாக இருக்கட்டும் என்று சுதாராணிதான் தம்பியிடம் சொல்லி ஒரு லேப் குட்டி வாங்கிக்கொடுத்தாள். வந்த ஐந்தாம் நாள் ரத்தமாகக் கழிந்து அது செத்துப்போனது. தூக்கிக்கொண்டு ஓடியபோது கால்நடை மருத்துவர் ஆஷிகா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இதோட தாயைப் பாத்துட்டு வாங்குனீங்களா அக்கா?"

பார்க்கவில்லை. யார் பார்க்கிறார்கள்?

பார்ப்பதற்காகவே போன வாரம், சொல்லாமல் கொள்ளாமல், எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கத்திலிருக்கும் தம்பியின் கோழிப்பண்ணைக்குப் போனாள் சுதாராணி. போர்டில்தான் கோழி இருந்தது. உள்ளே மூன்றடுக்காகக் கம்பிக் கூண்டுகள். மேல்கூண்டு நாயின் மூத்திரம் கீழ்க்கூண்டு நாயின் முதுகில் ஒழுகிக்கொண்டிருந்தது. நிற்பதற்கும் கம்பிவலைதான், ஒரு பலகை கிடையாது. விரலிடுக்கெல்லாம் புண். ஆறு மாதத்துக்கு ஒரு ஈத்து என்று ஈன்று ஈன்று மடி தொங்கிப்போன தாய்நாய்கள் அவளைப் பார்த்துக் குரைக்கக்கூட இல்லை.

மறுநாளே ஆஷிகாவிடம் போய்க் கண்டதையெல்லாம் சொன்னாள். அதை வைத்து ஆஷிகா மனுப் போட்டதும்தான் இன்றைய சோதனை முடிவானது. "என் பேரு மட்டும் வெளிய வர வேண்டாம் டாக்டரம்மா" என்று கேட்டுக்கொண்டாள். காரணம் இருந்தது. மகள் இசக்கிச்செல்விக்கு இன்னும் ஒன்பது நாளில் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் மணவறைக்குப் பெண்ணை யார் அழைத்து வருவது?

"யாருக்கு காலையிலேயே போனு?"

புருஷன் சண்முகராஜ் அடுக்களை வாசலில் நின்றார். லாரி புக்கிங் ஆபீஸுக்குக் கிளம்பிய கோலம்.

"தம்பிக்கு."

"என்னவாம்?" குரலில் ஒரு அவசரம் இருந்தது.

"ஒண்ணுமில்ல. வேட்டி துண்டு எடுத்தாச்சான்னு கேட்டேன்."

அவர் ஒரு நிமிடம் அவளையே பார்த்தார். பிறகு இட்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்து அடுப்பை அணைத்தாள். முன்னறையில் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த செல்வி நிமிர்ந்தாள்.

"எங்கம்மா போற? பத்து மணிக்கு பிளவுஸ் வாங்கப் போவணும்லா?"

"வந்துருதேன். நீ சாப்பிடு."

மகள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் போட்டாள்.

*

ஆஷிகாவின் கிளினிக் வாசலில் கார் தயாராக நின்றது. பின் இருக்கையில் குளுக்கோஸ் பாட்டில்கள், துண்டுகள், தண்ணீர் கேன்கள். அலைபேசியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தவள் சுதாராணியைக் கண்டதும் கையசைத்தாள்.

"டாக்டரம்மா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

ஆஷிகா பேச்சை நிறுத்தினாள்.

"மனசு கேக்கல. அவன்ட்ட சொல்லிட்டேன். ஒப்படைச்சுருன்னுதான் சொன்னேன்..."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். ஆஷிகா திட்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்குச் சொன்னீங்க?"

"ஏழே முக்கால் இருக்கும்."

"இப்ப எட்டே கால். ஏறுங்க அக்கா."

கார் பசுவந்தனைச் சாலையில் ஏறியது. ஆஷிகா அதிகாரிக்குப் போன் போட்டு, "சார், பதினோரு மணிக்கு ஒண்ணும் மிஞ்சாது, இப்பமே கிளம்புங்க" என்றாள். என்ன வேகமாக வந்தாலும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று பதில் வந்தது.

ஐப்பசி மழை ராத்திரி முழுக்க ஊற்றியிருந்தது. இரண்டு பக்கமும் கரிசல் கறுத்துக் கிடந்தது, மக்காச்சோளம் முழங்கால் உயரத்துக்கு நின்றது. மேகம் விலகி வெயில் சுள்ளென்று ஏறத் தொடங்கியது.

"அவன் எல்லாத்தையும் வித்துட்டான்னா ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று கேட்டாள் சுதாராணி.

"வேற எங்கயாவது கொண்டுபோய் வச்சிருவாங்க. திரும்பக் கண்டுபிடிக்க மாசக்கணக்கா ஆகும். அதுக்குள்ள இன்னொரு ஈத்து." சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஆஷிகா சொன்னாள். "நீங்க இன்னைக்குச் சொல்லலைன்னாலும் வேற யாராவது சொல்லியிருப்பாங்க. அதை விடுங்க."

அது ஆறுதலுக்குச் சொன்னது. இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது.

*

மண்பாதைக்குத் திரும்பி அரை மைல் கூடப் போகவில்லை. எதிரே அந்த வண்டி நின்றது.

நாலு பக்கமும் தகரம் அடைத்த மினி லாரி. பின்சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் கரிசலில் புதைந்திருந்தன. டிரைவர் சக்கரத்துக்குக் கீழே கல்லைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். செல்லத்துரை வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் வரை சேறோடு, வண்டியைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தான். முன் இருக்கையில் அவன் பெண்டாட்டி கல்யாணசுந்தரி உட்கார்ந்திருந்தாள்.

காரை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் இறங்கி நடந்தார்கள். ஒவ்வொரு எட்டுக்கும் செருப்பில் ஒரு கிலோ மண் ஏறியது. சுதாராணி செருப்பைக் கழற்றி விட்டுவிட்டாள்.

வண்டிக்குள்ளிருந்து ஒரு குரைப்புச் சத்தம்கூட வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆஷிகா ஓடிப்போய்த் தகரத்தில் கையை வைத்தாள், சுடுகிறதென்று எடுத்தாள், பிறகு காதை வைத்துக் கேட்டாள்.

"எல்லாம் மூச்சிரைக்குது. உள்ள காத்தே இல்ல. எவ்வளவு நேரமா நிக்கிது வண்டி?"

டிரைவர் செல்லத்துரையைத் திரும்பிப் பார்த்தான்.

"அரை மணி நேரமா" என்றாள் கல்யாணசுந்தரி, ஜன்னல் வழியாக.

"ஏட்டி, நீ வாயை மூடு" என்றான் செல்லத்துரை. பிறகுதான் அக்காவைப் பார்த்தான். "நீ எதுக்குக்கா இங்கன வந்த? இந்தப் பொம்பளை கூட?"

"கதவைத் திறலே. பெறவு பேசலாம்."

"திறந்தா எல்லாம் காட்டுக்குள்ள ஓடிரும். டிராக்டருக்குச் சொல்லியாச்சு, இப்ப வந்துரும். நீ வீட்டுக்குப் போ."

"அது வரைக்கும் உசுரோட இருக்காது தம்பி!" என்றாள் ஆஷிகா.

"நீ பேசாத. ஊரு விட்டு ஊரு வந்து பெட்டிஷன் எழுதிப் போட்டது நீதான? என் பொழப்புல மண்ணள்ளிப் போட உனக்கு என்ன..."

"அவ இல்லலே" என்றாள் சுதாராணி.

செல்லத்துரை நிறுத்தினான்.

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். பந்தல்காரனுக்குச் சொல்லியாகிவிட்டது. பட்டு எடுத்தாகிவிட்டது. இப்போதுகூட வாயை மூடிக்கொண்டால் இந்தப் பழி ஆஷிகாவின் தலையோடு போய்விடும்.

"சொன்னது நான்தான். போன வாரம் நீ ஓட்டப்பிடாரம் போயிருந்தப்ப ஷெட்டுக்குள்ள போனேன். எல்லாத்தையும் பாத்தேன்."

"நீயா?"

"நான்தான். சாவியைக் குடு."

கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். தந்துவிடுவான் என்று ஒரு கணம் நம்பினாள். அவன் கை சுழன்றது. சாவி மின்னிக்கொண்டு போய் மக்காச்சோளத்துக்குள் எங்கோ விழுந்தது.

"போய் எடுத்துக்கோ."

ஆஷிகா சேற்றுக்குள் பாய்ந்தாள். அந்தக் கரிசலில் விழுந்த சாவியை அறுவடைக்குக்கூட யாரும் கண்டெடுக்க முடியாது. சுதாராணி கதவிலிருந்த பூட்டைப் பிடித்து இழுத்தாள். வெறுங்கையால் என்ன செய்ய முடியும்? உள்ளே ஏதோ ஒன்று மெல்ல, மிக மெல்ல, தகரத்தைப் பிராண்டியது.

"தள்ளுங்க மதினி."

கல்யாணசுந்தரி பின்னால் நின்றாள். கையில் ஜாக்கிக் கம்பி. எப்போது இறங்கினாள், எப்போது டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து அதை எடுத்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. கல்யாணமாகி வந்த பதினோரு வருடத்தில் புருஷன் முன்னால் குரல் உயர்த்தாதவள்.

"ஏட்டி! வையிட்டி அதைக் கீழ!"

முதல் அடி தகரத்தில் விழுந்தது. இரண்டாவது அடி பூட்டில்.

"ரெண்டு வருசமா கூண்டு கழுவுதேன்" என்றாள் கல்யாணசுந்தரி. அவள் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "பினாயில் பட்டுக் கையெல்லாம் வெந்து போச்சு. வேண்டாம், பாவம் சும்மா விடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? ஒரு நாளாச்சும் கேட்டியளா?"

செல்லத்துரை எட்டி அவள் தோளைப் பிடித்தான். சுதாராணி நடுவில் போய் நின்றாள். தம்பியின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். அவன் நினைத்திருந்தால் அக்காவை ஒரு கையால் ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை. மூச்சு வாங்க நின்றான்.

பூட்டு உடையவில்லை. நாலாவது அடியில் கொண்டிதான் பிய்ந்து வந்தது.

கதவு திறந்ததும் வந்த அனலும் நாற்றமும் மூன்று பேரையும் ஒரு எட்டுப் பின்னால் தள்ளின. கோழிக் கூண்டுகளிலும் தக்காளிப் பெட்டிகளிலும் ஒன்றன்மேல் ஒன்றாக நாய்கள். நாக்குகள் தொங்கிக் கிடந்தன. ஒன்றுகூட வெளியே ஓடவில்லை. ஓட அவற்றுக்குத் தெம்பில்லை.

அடுத்த அரை மணி நேரம் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. ஆஷிகா சொல்லச் சொல்ல, சுதாராணியும் கல்யாணசுந்தரியும் ஒவ்வொன்றாகத் தூக்கி வேலி ஓரத்து உடைமர நிழலில் கிடத்தினார்கள். வயிற்றிலும் பாதத்திலும் ஈரத் துணியை வைத்தார்கள். டிரைவர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினான். செல்லத்துரை மட்டும் வண்டியின் மறுபக்கம் போய் மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

இருபத்து மூன்று உருப்படி. அதில் இரண்டுக்கு ஈரத் துணி தேவைப்படவில்லை. ஒரு பக் நாய், கை அகலம்கூட இல்லாத ஒரு குட்டி. இரண்டையும் ஒரே துண்டில் சுற்றி வைத்தாள் ஆஷிகா.

கடைசியாக வந்தது ஒரு மஞ்சள் லேப். மடி தரையைத் தொட்டது. சுதாராணி அதை இறக்கி நிற்க வைத்தாள். அது நிற்கவில்லை. ஒரு காலை மண்ணில் வைத்ததும் சுட்டதுபோல வெடுக்கென்று எடுத்தது. அடுத்த காலை வைத்தது. அதையும் எடுத்தது. நடுங்கிக்கொண்டே அப்படியே படுத்துவிட்டது.

"கால் ஒடிஞ்சிருக்கா டாக்டரம்மா?"

"ஒடியல மதினி" என்றாள் கல்யாணசுந்தரி. "பூரணிக்கு மண்ணுன்னா தெரியாது. இங்கனயே பொறந்து கம்பியிலேயே நின்னது."

"பூரணியா?"

"அவிய மூணாம் நம்பரும்பாவ. நான் பூரணின்னு கூப்புடுவேன்."

சுதாராணி சேற்றில் உட்கார்ந்தாள். டீச்சர் வீட்டில் செத்த அந்தக் குட்டியின் தாய் இதுதான் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே வெளிறிய மஞ்சள், அதே கண்.

*

பத்து மணிக்கு அதிகாரிகளின் ஜீப் வந்தது. கூடவே ஒரு போலீஸ்காரர். பதிவு இல்லை, தடுப்பூசி அட்டை இல்லை, ஷெட்டில் தண்ணீர்த் தொட்டிகூட இல்லை. படம் எடுத்தார்கள், ஒவ்வொன்றாக எண்ணி எழுதினார்கள்.

"ஷெட்டு செயல்பட்டதை நேர்ல பாத்த சாட்சி யாராவது இருக்காங்களா? இப்ப காலி பண்ணிட்டு, இது நாய்க்கு வச்சதே இல்லன்னு சொல்லிருவாங்க" என்றார் வயதில் மூத்த அதிகாரி.

செல்லத்துரை தலையைத் தூக்கிப் பார்த்தான். கோபம் வடிந்த முகம். சின்ன வயதில் காய்ச்சலில் கிடக்கும்போது பார்ப்பானே, அந்தப் பார்வை. 'அக்கா' என்று அவன் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

சுதாராணி பேனாவை வாங்கினாள். கை சேறாக இருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டு, தன் பெயரை முழுசாக எழுதினாள்.

ஜீப்பில் ஏறும்போது செல்லத்துரை நின்றான். "செல்விக்கு மாமன் செத்துட்டான்னு பந்தல்ல சொல்லிரு, அக்கா" என்றான். குரலில் ஆத்திரம்கூட இல்லை.

*

ஆஷிகாவின் காப்பகத்தில் ஏற்கெனவே நாற்பது தெருநாய்கள். இன்னும் இருபத்தொன்றுக்கு எங்கே இடம்? வழக்கு முடியும் வரை பொறுப்பில் வைத்துக்கொள்ள யார் யார் வருவார்கள் என்று அவள் வழிநெடுக போன் போட்டுக்கொண்டே வந்தாள்.

முதல் ஆளாக கிளினிக்குக்கு வந்தவர் சுடலையம்மாள் டீச்சர்தான்.

"குட்டியா டீச்சர்?" என்று கேட்டாள் ஆஷிகா.

"குட்டியை எல்லாரும் கேப்பாவ. யாருமே கேக்காததைக் குடுங்க." பல் கொட்டிப்போன ஒரு பொமரேனியனைக் காட்டினார்கள். டீச்சர் அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "கஞ்சியா கரைச்சுக் குடுத்தாப் போச்சு" என்று இடுப்பில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

பூரணியை யாரும் கேட்கவில்லை. சுதாராணியும் அவளை விட்டுவிட்டுப் போகத் தயாராக இல்லை.

வீட்டுக்கு வரும்போது நாலு மணி. இரண்டு கைகளிலும் பூரணி, பின்னால் கல்யாணசுந்தரி. அவள் இனி புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

சண்முகராஜ் முன்னறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். செல்வி அழுது ஓய்ந்த முகத்தோடு சுவரில் சாய்ந்திருந்தாள். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

"ஒன்பது நாளு பொறுக்கக் கூடாதாம்மா?" என்றாள் செல்வி. "என் கல்யாணத்தைவிட உனக்கு நாய் பெருசாப் போச்சா?"

சுதாராணி பூரணியைத் தரையில் இறக்கினாள். வழவழப்பான டைல்ஸில் அது நிற்கப் பார்த்தது. நாலு காலும் நாலு பக்கம் விரிந்து வயிறு தட்டென்று விழுந்தது. எழுந்தது, விழுந்தது. மூன்றாவது தடவை முயற்சி பண்ணாமல் கிடந்தது.

"அதுக்கு என்னம்மா?"

"தரையைப் பாத்தது இல்ல. பாதத்தைப் பாரு."

செல்வி எழுந்து உள்ளே போய், கிழிந்த கோணிச்சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து பூரணியின் காலுக்குக் கீழே விரித்தாள். விரலிடுக்குப் புண்களைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"இதையெல்லாம் மாமாவா செஞ்சாவ?" என்று கேட்டாள்.

"அவன் என்ன கொலையா பண்ணிட்டான்?" சண்முகராஜ் வெடித்தார். "நாயை வளத்து வித்தான். ஊர் உலகத்துல யாரும் செய்யாததா? கூடப்பிறந்தவனைப் போலீஸ்ல புடிச்சுக் குடுத்துட்டு வந்து நிக்க! மாப்பிள்ளை வீட்டுக்கு நான் என்ன பதிலைச் சொல்ல? உனக்கு மனசாட்சி இருக்கா?"

"அண்ணன்."

கல்யாணசுந்தரிதான் கூப்பிட்டாள்.

"நீங்க இதைப் பேசாதீய."

"குடும்பத்துக்குள்ள நீ..."

"வேண்டாம்ண்ணன். மதினிக்கு இன்னும் தெரியாது." அவள் சுதாராணியின் பக்கம் திரும்பினாள். "ஷெட்டு அது ஒண்ணு மட்டும் இல்ல மதினி. புதியம்புத்தூர்ப் பக்கம் இன்னொண்ணு இருக்கு. பால்குடி மாறாத குட்டியும் தாய்நாயும் அங்கனதான் அதிகம். இடம் புடிச்சுக் குடுத்தது, மதுரைக்கும் மெட்ராஸுக்கும் லாரியில ஏத்தி விடுதது... அதெல்லாம் உங்க தம்பிக்கு எங்கன தெரியும்? அவியளுக்கு லாரிக்காரங்களைத் தெரியாதுல்லா."

செல்வி சாக்கின் நுனியைப் பிடித்தபடியே அப்பாவைப் பார்த்தாள்.

இல்லை என்று சொல்லுவார் என்று சுதாராணி காத்திருந்தாள். கத்துவார், கல்யாணசுந்தரியை வெளியே போ என்பார் என்று காத்திருந்தாள். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்த மனுஷன். அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

"எத்தனை இருக்கு அங்கன?" என்று கேட்டாள் சுதாராணி.

"சுதா, நான் சொல்லுததைக் கேளு..."

"எத்தனைன்னு கேட்டேன்."

சண்முகராஜ் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார்.

"ஏத்திட்டுப் போக நாளைக்குத்தான் வண்டி வாரதா இருந்துச்சு" என்றார். "செல்லத்துரையைப் புடிச்சதும் பயந்துட்டேன். மத்தியானமே எல்லாத்தையும் ஏத்திட்டுப் போகச் சொல்லிட்டேன்."